எத்தனை டச்

ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு.
மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பாடவேளை.
அவித்த முட்டை வாசமும்
மின்விசிறியின் முனகலும்
இன்னும் பிரியாமல் கிடந்தன அறையில்.

மேசைமேல் ஒரு தட்டுவடை செட் வைத்தேன்.
சிவதாபுரம் முக்குக் கடையில் வாங்கியது.
நடுவே பீட்ரூட், கேரட், வெங்காயத் துருவல்,
இந்தப் பக்கம் பச்சைச் சட்னி, அந்தப் பக்கம் சிவப்பு.
“பலபடித்தான கலவை. ஏன்?”
“கேரட்டை மட்டும் தனியா எடுத்துரலாங்க டீச்சர்”
என்றான் நவநீதன்,
எடுத்தும் விட்டான்.
வெங்காயத்தைப் பிரித்துக்காட்ட
மூன்று கைகள் முன்வந்தன.
வரையறையை எழுதி முடிப்பதற்குள்
ஆய்வுப்பொருள் தீர்ந்துபோயிற்று.

அதன்பின் யாரும் கை தூக்கிக்கூடக் கேட்கவில்லை.
சேகோ ஆலைத் தொட்டியில்
விடிய விடிய அடியில் படியும் கிழங்கு மாவு,
ஆத்தூர்ப் பக்கத்து விடுதிப் பையன் சொன்னது.
ஏற்காடு போகும் பஸ்ஸில்
பதினெட்டாம் வளைவில்
துடைக்கத் துடைக்கக் கண்ணாடியை மூடும் பனி.
அது கூழ்மம் என்றேன்,
“பேரு எதுவானாலும் டிரைவருக்குத் தெரியாதுங்” என்றது ஒரு குரல்.
வெள்ளைக்கல் லாரி போனபின்
புருவத்தில் தங்கும் தூசி.
பாலில் தண்ணீர்.
யார் வீட்டில் என்று நான் கேட்கவில்லை.

“சரி, ஒருபடித்தான கலவைக்கு?”
உப்புக் கரைசல் என்கிறது பாடநூல்.
வகுப்பும் அப்படியே சொன்னது.
லோகப்பிரியா மட்டும்
“கொலுசுங்க டீச்சர்” என்றாள்.

எழுந்து நின்றவளின் நகக்கண்ணில் கறுப்பு.
பட்டறையில் பற்றவைக்கும் அம்மாவுக்குச்
சனி ஞாயிறு கண்ணி கோத்துக் கொடுப்பவள்.
“வெள்ளியோட செம்பு சேத்து உருக்குவாங்க.
எங்க வெட்டினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.
செம்பு கூடிப்போச்சுன்னா
மேல ஒரு வெள்ளை முலாம் ஏத்திருவாங்க.
எத்தனை டச்சுன்னு கண்ணு சொல்லாதுங்க.”

“பிரிக்க முடியுமா?”
“உருக்கி ஆசிட்ல போட்டா முடியும்.
கூட்டின குப்பையையே பிரிக்கிறாங்களே!
மாசம் ஒருக்கா ஒருத்தர் வந்து
தரை மண்ணை மூட்டை கட்டி வெலைக்கு வாங்கிட்டுப் போவாரு.
அலசி, எரிச்சு, அதிலருந்து வெள்ளி எடுப்பாரு.
காலை உதறிட்டு வெளிய போடீன்னு
அம்மா வையும்.”

வகுப்பு சிரித்தது.
நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி
கொலுசு என்று எழுதினேன்.
எழுதும்போதே
என் கணுக்காலில் ஏதோ கனத்தது.

பன்னிரண்டு வருடக் கொலுசு.
“எண்பது டச், தெரிஞ்ச கடை” என்று சொல்லி
அவர் வாங்கி வந்தது.
அன்றிலிருந்து கழற்றியதில்லை,
பிரசவத்துக்குப் போனபோது தவிர.

சனிக்கிழமை செவ்வாய்ப்பேட்டை.
பெயர்ப்பலகை இல்லாத ஒரு கடையில்
உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டியபடி
ஒருவர் சொன்னார்:
“மேலாக உரசினால் பொய் சொல்லும்.
ஒரு கண்ணி அறுக்கணும். பரவாயில்லையா?”
தலையாட்டினேன்.

ஐம்பத்திரண்டு.

சீட்டில் எழுதித் தரட்டுமா என்றார்.
வேண்டாம் என்றேன்.
அறுத்த இடத்தை அவரே பற்றவைத்து,
காசு வாங்க மறுத்தார்.
அந்த மறுப்புதான்
எண்ணைவிட அதிகம் உறுத்தியது.

அவருக்கும் தெரிந்திருக்காது,
கடைக்காரன் ஏமாற்றியிருப்பான்
என்று நம்புகிறேன்.
அந்த நம்பிக்கை எத்தனை டச் என்று
உருக்கிப் பார்க்கவில்லை.
இரவு தோசைக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார்.
ஊற்றினேன்.

திங்கட்கிழமை வகுப்பில்
வரிசைகளுக்கு நடுவே நடந்தேன்.
பற்றவைத்த இடம் மட்டும்
கொஞ்சம் மங்கலாக இருந்தது,
அரைக் கடுகளவு.
கடைசி பெஞ்சைக் கடக்கையில்
லோகப்பிரியாவின் பார்வை
குனிந்து, அங்கே நின்று,
என் முகத்துக்கு ஏறியது.
அவளுக்குத் தெரியும்
கொலுசை எதற்காக அறுப்பார்கள் என்று.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.

“பக்கம் எழுபத்தொன்று,” என்றேன்,
“வடிகட்டுதல்.”
எல்லோருக்கும் முன்பாக
அவள்தான் பக்கத்தைத் திருப்பினாள்.